தாத்தாவின் டிரங்குப் பெட்டி: நினைவு மலரில் எதை எழுதுவது, எதை விடுவது?

ஏகாம்பரகுப்பம் பேத்தி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தா கடந்த தை மாதம் தமது 91ஆம் வயதில் காலமானார். வருகிற தையில் முதலாண்டு நினைவு நாள். அன்று உறவினர்களுக்கும், அவருடைய தறிக்கொட்டகையில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கும் கொடுப்பதற்காக 32 பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சிடுவது என்று வீட்டில் தீர்மானித்து, எழுதும் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்கள். நான் ஆந்திராவில் உள்ள நகரியில் தெலுங்கு வழியில் படித்தவள். தமிழ் எழுத்தை அம்மாவிடமும், பிறகு நானாகவும் கற்றுக்கொண்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா 1933இல் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். 1951இல் பெங்களூருக்குப் போய் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, 21 ஆண்டுகள் பணிபுரிந்து, 1972 இறுதியில் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இடையில் 1957இல் ஆயாவை மணந்தார். ஆயாவின் ஊர் ஏகாம்பரகுப்பம் என்பதால், படையிலிருந்து திரும்பியதும் இங்கேயே குடியேறி, கையில் வந்த பணத்தில் 4 பழைய விசைத்தறிகளை வாங்கிப் போட்டார். 1985 வாக்கில் அது 24 தறியாக வளர்ந்தது. அடுத்த இரண்டே ஆண்டில் 8 தறியாகச் சுருங்கியது. அந்த எட்டையும் 2009 வரை ஓட்டினார். மூன்று பெண்கள், ஒரு பையன். என் அம்மாதான் மூத்தவர்.

அவர் கட்டிலுக்கு அடியில் கறுப்பு வண்ணம் அடித்த டிரங்குப் பெட்டி ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கும். மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் படை எண்ணும் பெயரும் இருக்கும். கருமாதி முடிந்த பிறகுதான் அதைத் திறந்தோம். ஐந்து பதக்கங்கள், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், பாவு நூலால் கட்டிய இன்லண்டுக் கடிதக் கற்றை, 17 கணக்கு நோட்டுகள், இவ்வளவுதான் இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

முதலாவது, மாமாவின் விருப்பம். 1971 போரில் பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி அகற்றிய வீரர் என்று மலரின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும் என்கிறார். தாத்தா தம் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "பட்டாளத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "ரோடு போட்டோம், பாலம் கட்டினோம்" என்று சொல்லிவிட்டுத் தறிப்பக்கம் எழுந்து போய்விடுவார். பதக்கங்களைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்க முடியுமா? இரண்டாவது, முகவரிக் குழப்பம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய ஊர் சித்தூர் ஜில்லா, மதராஸ் என்று இருக்கிறது. 1958ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஆந்திரா என்றும், 1961ஆம் ஆண்டுக் கடிதத்தில் செங்கல்பட்டு ஜில்லா என்றும் இருக்கிறது. குடும்பம் ஊர் ஊராக மாறியதா? மூன்றாவது, கணக்கு நோட்டுகளில் தேதிக்குப் பக்கத்தில் 0545, 1430, 2200 என்று நாலிலக்க எண்கள் ஓயாமல் வருகின்றன. அவை நூல் நம்பரா, மீட்டரா, ரூபாயா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக உள்ளதுதான் கடினம். 1987இல் வந்த நட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்கிறார் அம்மா. போனவருடைய கடனை ஊருக்கு அச்சடித்துக் கொடுப்பதா என்பது அவருடைய கேள்வி. ஆனால் அதே அம்மாவுக்குத் தம் நைனாவின் (அப்பாவின்) மேல் ஒரு பழைய மனத்தாங்கலும் உண்டு: பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியும், திருப்பதிக்கு அனுப்பி இன்டர் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) படிக்க வைக்கவில்லை. இந்த ஓராண்டில் மட்டும் மூன்று முறை இதைச் சொல்லிக் கேட்டுவிட்டேன். எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதைகளுக்குக் குறைவில்லை. 78ஆம் வயதில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தபோது, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புத்தூர் கட்டுக்குப் போய், முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் மூங்கில் பத்தையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு வந்து, இடக்கையால் அன்றைய கணக்கை எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பிட்டார். ஆனால் இப்படிப்பட்ட கதைகளை மட்டும் அடுக்கினால் அது அவராக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


பழைய தம்பி எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். நான் வேலூருக்குத் தெற்கே, ராணுவப்பேட்டை என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டைப் பக்கத்தவன். அதே படையில் 24 ஆண்டுகள் இருந்து சுபேதாராக வெளியே வந்தேன். மதராஸ் சாப்பர்களை மற்றப் படைக்காரர்கள் எல்லோரும் "தம்பி" என்றுதான் அழைப்பார்கள். என் புனைபெயர் அதிலிருந்து வந்தது. 1780இல் தொடங்கிய படை அது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் அதன் மையம் இருக்கிறது.

நாலிலக்க எண்களை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அது நூலும் அல்ல, ரூபாயும் அல்ல, நேரம். 0545 என்றால் காலை ஐந்தே முக்கால். 1430 என்றால் பகல் இரண்டரை. படையில் 21 ஆண்டுகள் இப்படியே நேரம் எழுதிய கை, வீட்டுக்கு வந்தும் மாறவில்லை. என் வீட்டுக் காலண்டரில் காஸ் சிலிண்டர் வந்த நேரத்தைக்கூட நான் இப்படித்தான் குறிக்கிறேன். மருமகள் கேலி செய்வாள். அந்த எண்களுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார் என்று மறுபடியும் வாசித்துப் பாருங்கள், மோட்டார் போட்ட நேரம், மின்சாரம் போன நேரம், வந்த நேரம் என்று விளங்கிவிடும்.

இனிப் பதக்கம். ஒவ்வொரு பதக்கத்தையும் நாணயத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து, அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பெரும்பாலும் படை எண்ணும் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். சைன்ய சேவா பதக்கமாக இருந்தால் நாடாவின் மேல் ஒரு சிறு பட்டை இருக்கும். ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்), ஹிமாலயா என்று அதில் எழுதியிருப்பது அவர் எந்தப் பகுதியில் பணிபுரிந்தார் என்பதைக் காட்டும். 1965ஆம் ஆண்டின் ரக்ஷா பதக்கம் அப்போது பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. களத்தில் நின்றதற்கு அது சான்றாகாது, களத்துக்குரியது சமர் சேவா நட்சத்திரம். அதுபோல 1971க்குக் கிழக்கு முனையில் பூர்வி நட்சத்திரம், மேற்கு முனையில் பஸ்சிமி நட்சத்திரம் என்று இரண்டு உண்டு. பசந்தர் மேற்கு முனை. எனவே உங்கள் மாமா சொல்வது சரியென்றால் பஸ்சிமி நட்சத்திரம் இருக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்த நட்சத்திரங்கள் போர் முடிந்த பிறகு நிறுவப்பட்டவை, 1972இலேயே வெளியே வந்தவர்களில் பலர் அவற்றைக் கேட்டு வாங்காமலே விட்டிருக்கிறார்கள். அதனால் பெட்டியில் இல்லை என்பதை மட்டும் வைத்து இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

உறுதியான சான்று டிஸ்சார்ஜ் புத்தகத்தில்தான் கிடைக்கும். எந்தப் படைப்பிரிவு, எந்தத் தொழில், எங்கே சேர்ந்தார், என்ன பதக்கம், நன்னடத்தை எப்படி என்று எல்லாம் அதில் வரும். தொழில் என்ற இடத்தை விட்டுவிடாதீர்கள், சாப்பர் ஒவ்வொருவனுக்கும் கையில் ஒரு தொழில் இருக்கும்: தச்சர், கொத்தனார், கொல்லர் என்று. பசந்தரில் கண்ணிவெடி வயலைத் திறந்தது எங்கள் படையின் 9ஆம் பொறியாளர் ரெஜிமெண்ட். 1971 டிசம்பரில் ஷகர்கர் பகுதியில், கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகித் தொட்டுப் பார்த்து அவர்கள் திறந்துவிட்ட பாதை வழியாகத்தான் பூனா ஹார்ஸ் என்ற ரெஜிமெண்டின் டாங்கிகள் ஆற்றைக் கடந்தன. அதன் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் 16ஆம் தேதி உயிர் விட்டதும் அந்தப் போரில்தான். தாத்தா அந்த 9ஆம் ரெஜிமெண்டில் இருந்தாரா என்பதே கேள்வி. புத்தகம் தெளிவாக இல்லையென்றால், படை எண், பெயர், இறப்புச் சான்றிதழ், உங்கள் உறவுமுறைக்கான சான்று ஆகியவற்றை வைத்து, ஆயாவின் கையொப்பத்தோடு பெங்களூரில் உள்ள படையின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன். ஆயாவின் குடும்ப ஓய்வூதியம் சரியாக வருகிறதா? ஓய்வூதிய ஆணையில் ஆயாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து எழுத்தர்கள் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார்கள், பிறகு கிழவிகள் அலைவார்கள். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க மறக்க வேண்டாம். ஓய்வூதிய ஆணையின் படத்தை மட்டும் மலரில் போடாதீர்கள்; அந்த எண்ணை வைத்து ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: ரோடு போட்டதும் பாலம் கட்டியதும் படைவேலையில் தாழ்ந்தது அல்ல. எங்களுக்கு அதுதான் வேலை.


365 படி எழுதியது:

நான் திருத்தணியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முகவரிக் குழப்பத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன். குடும்பம் எங்கும் போகவில்லை. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாநிலங்கள்தான் அதன் மேல் மாறி மாறி வந்தன.

வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1951இல் உங்கள் தாத்தா படையில் சேர்ந்தபோது அது மதராஸ் மாநிலத்தில் இருந்தது. ஆகவே முதல் முகவரி சரி. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் அது ஆந்திரப் பிரதேசம். 1958ஆம் ஆண்டுக் கடிதத்தின் முகவரியும் சரி. திருத்தணியும் அதைச் சூழ்ந்த தமிழ் ஊர்களும் திரும்ப வர வேண்டும் என்று ம.பொ.சிவஞானமும் திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகமும் நடத்திய போராட்டத்தை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அறிவார்கள். இரு மாநில எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் மதராஸ் மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன. சத்தியவேடு முதலிய பகுதிகள் அந்தப் பக்கம் போயின. மூன்றாவது முகவரியும் சரி. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. 1997இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். ஆக, அவர் விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம் இறங்க வேண்டிய ஊர் ஒன்றுதான், கடிதத்தில் எழுத வேண்டிய மாநிலம் நான்கு முறை மாறியிருக்கிறது.

இதில் மலருக்குத் தேவையான செய்தி ஒன்று இருக்கிறது. "தமிழ்நாட்டிலிருந்து ஆந்திராவுக்குப் பிழைக்க வந்தார்" என்று யாராவது எழுதித் தந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அவர் பெண் எடுத்தபோது பள்ளிப்பட்டும் ஏகாம்பரகுப்பமும் ஒரே மாவட்டம். சம்பந்தம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து நடுவில் கோடு விழுந்தது. மாமனார் வீடு வேற்று மாநிலமானதற்கு அவர் என்ன செய்வார்? இன்னொன்று: கடிதங்களை அனுப்பிய முகவரியையும் பாருங்கள். 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சல் நிலையம்) என்று இருந்தால் மேற்கிலோ வடக்கிலோ இருந்தார், 99 ஏ.பி.ஓ. என்று இருந்தால் கிழக்கில் இருந்தார் என்று பொதுவாகக் கொள்ளலாம். அஞ்சல் முத்திரைத் தேதியோடு சேர்த்துப் பார்த்தால் படைவாழ்க்கையின் வரைபடம் பாதி கிடைத்துவிடும்.


நூல் கணக்கு எழுதியது:

நான் நகரியில் இரண்டு தலைமுறையாக நூல் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். நீங்கள் தாத்தாவின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, அதை இங்கே எழுத மாட்டேன்.

17 நோட்டுகளை நினைவுப் பொருள் என்று மட்டும் நினைத்து மூடி வைத்துவிடாதீர்கள். "பா" என்று இருந்தால் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது), "ஊ" என்று இருந்தால் ஊடை நூல் (குறுக்கே ஓடுவது). "பி" என்பதற்கு எதிரே எண் இருந்தால் சைசிங்கிலிருந்து, அதாவது கஞ்சி போடும் இடத்திலிருந்து, வந்த பீம் (பாவு சுற்றிய உருளை). தார் (ஊடை நூல் குழல்) சுற்றும் கூலி தனியாகவும் மீட்டர் கூலி தனியாகவும் எழுதப்பட்டிருக்கும். "சி" என்று மட்டும் இருந்தால் அது சி ஃபார்மாக இருக்கும்: மாநிலம் விட்டு மாநிலம் நூல் வாங்கும்போது வரி குறைவதற்காக நாம் கொடுக்க வேண்டிய படிவம் அது. துணிக்கு விற்பனை வரி இல்லாத காலத்திலும் நூலுக்கு இருந்தது. அந்தப் படிவத்துக்காக வரி அலுவலகத்துக்கு நடந்து நடந்து என் அப்பாவின் செருப்பு தேய்ந்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வரும் வரைக்கும். எல்லையில் தொழில் செய்தவனுக்கு மொழி ஒரு தொல்லையே அல்ல. தமிழில் நூல் வாங்கித் தெலுங்கில் துணி விற்போம். படிவம்தான் தொல்லை.

1987 நட்டத்தைப் பற்றி: எங்கள் தொழிலின் ஓட்டத்தைத் தெரிந்துகொண்டால் அம்மாவுக்கு அது அவமானமாகத் தோன்றாது. நூல்காரனுக்கு 30 நாளில் பணம் கட்ட வேண்டும். துணி வாங்கிய வியாபாரி 60 நாள், 90 நாள் என்று இழுப்பான். நடுவில் உள்ள அந்த இரண்டு மாதத்தைத் தறிக்காரன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறான். பெரிய கொள்முதல்காரன் ஒருவன் கடையைச் சாத்தினால், 24 தறி வைத்திருந்தவன் ஒரே தீபாவளியில் கவிழ்ந்துவிடுவான். இதில் சூதாட்டமும் இல்லை, ஊதாரித்தனமும் இல்லை. மேலும் அந்த ஆண்டுகளில் விசைத்தறிக்கு வேறு கலக்கமும் இருந்தது. 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை உள்ளிட்ட 22 வகைகளைக் கைத்தறிக்கு என்று ஒதுக்கியது. வழக்குகள் நடந்து 1993இல்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதுவரை எதை நெய்வது, எதை விடுவது என்று ஒவ்வொருவரும் குழம்பிக் கிடந்தார்கள். கைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர் விசைத்தறி போட்டாரே என்று பங்காளிகள் முகம் கொடுத்துப் பேசாத காலமும் உங்கள் தாத்தாவுக்கு இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்தது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு பக்கங்களைத் தேடுவேன். ஒன்று, கடன் எப்போது தீர்ந்தது என்ற பக்கம். மற்றொன்று, முன்பணப் பக்கம். தறி ஓட்டுகிறவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். தறியை விற்கும்போது அந்தப் பாக்கியைப் புதிய முதலாளியிடமிருந்து பழைய முதலாளி வாங்கிக்கொள்வது வழக்கம், ஆளும் பாக்கியோடு சேர்ந்து கைமாறுவான். 16 தறி விற்ற ஆண்டில் உங்கள் தாத்தா அந்தப் பாக்கிகளை என்ன செய்தார் என்று பாருங்கள். கடனைத் தந்தவர் பெயரையும் கடையைச் சாத்தியவர் பெயரையும் போட வேண்டாம். மீதியை எழுதுங்கள்.


சாமந்தி எழுதியது:

மேலே உள்ள பெரியவர்கள் எல்லோரும் சான்று, சான்று என்று எழுதியிருக்கிறீர்கள். நினைவு மலர் நீதிமன்றத் தீர்ப்பு அல்ல; சாம்பிராணிப் புகைக்கு நடுவில் கையில் கொடுக்கப்படும் ஒரு புத்தகம். ஆயா உயிரோடு இருக்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறார். அம்மாவின் படிப்பு விஷயத்தை மகள் எழுதினால் அது கோள் சொல்வதுபோல் ஆகிவிடும். அம்மாவே எழுதினால் எழுதட்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நட்டத்தைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மா ஒரு முறை படித்துவிட வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.


ஏகாம்பரகுப்பம் பேத்தி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும். மாமா, அம்மா, நான் மூவரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம்.

சைன்ய சேவா பதக்கத்தின் பட்டையில் நேஃபா என்று இருக்கிறது. 1961 முதல் 1964 வரை உள்ள கடிதங்கள் அனைத்தும் 99 ஏ.பி.ஓ. முகவரியிலிருந்து வந்தவை, அந்த ஆண்டுகளில் எல்லைச் சாலைப் பணியில், அசாமின் தேஸ்பூரிலிருந்து தவாங் நோக்கிப் போகும் மலைப்பாதையில் வேலை செய்திருக்கிறார். சீனப் போர் மூண்ட 1962 அக்டோபரில் எழுதிய கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் இடையில் மூன்று மாத இடைவெளி இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எருமை கன்று போட்டதா என்று கேட்டிருக்கிறார். அந்த மூன்று மாதமும் தினமும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் திண்ணைக்கு வந்து நின்றதாக ஆயா சொன்னார். இவ்வளவு நாளும் ஆயா இதை யாரிடமும் சொன்னதில்லை, நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தொழில் தச்சர் என்று இருக்கிறது. தறியின் மரச்சாமான் உடைந்தால் வெளியாளைக் கூப்பிடாமல் தாமே இழைத்துப் போடுவாரே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. 1970 முதல் ஓய்வு பெறும் வரை அவர் பெங்களூர் மையத்தில் பயிற்சி கொடுப்பவராக இருந்திருக்கிறார். அதாவது பசந்தரில் அவர் இல்லை. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் 1971 டிசம்பர் 20 முத்திரையிட்ட கடிதத்தை அம்மா வாசித்தார். தம்மிடம் பயிற்சி பெற்றுப் போன பையன்களில் யார் யார் திரும்பினார்கள் என்று தகவல் வரவில்லை என்றும், கம்பியை இன்னும் சாய்த்துப் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இரவெல்லாம் யோசனையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். மாமா அந்தக் கடிதத்தைத் தம் கையில் வாங்கி மறுபடியும் படித்தார். முதல் பக்கத்தில் அதையே போட்டுவிடலாம் என்று அவர்தான் சொன்னார்.

நாலிலக்க எண்கள் நேரம்தான், ஐயா. "0545 மோட்டார். 0910 கரண்ட் இல்லை. 1135 கரண்ட்." மின்வெட்டைப் பற்றி இவ்வளவு துல்லியமான பதிவு மின்வாரியத்திடம்கூட இருக்குமா என்று தெரியவில்லை.

கடன் கணக்கு 1987 ஐப்பசியில் தொடங்கி 1998 பங்குனியில் முடிகிறது. மாதம் தவறாமல் வரிகள் இருக்கின்றன. ஆயாவின் அட்டிகை ஒரு வரி. முன்பணப் பக்கத்தையும் தேடிப் பிடித்தோம். 16 தறியை விற்ற மாதத்தில், 22 பேர் பெயருக்கு எதிரே பாக்கித் தொகையைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "வேண்டாம்" என்று ஒரே சொல்லை 22 முறை எழுதியிருக்கிறார். அந்த 22 பேரில் பலருடைய பிள்ளைகள்தான் தையில் மலரை வாங்கப்போகிறவர்கள். அம்மா அந்தப் பக்கத்தை அப்படியே படமாகப் போடச் சொல்லிவிட்டார், தொகையை மட்டும் மறைத்துவிட்டு.

அம்மாவின் படிப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சாமந்தி அவர்கள் சொன்னதுதான் சரி. ஆனால் நடந்ததை இங்கே சொல்லலாம். 1975ஆம் ஆண்டு நோட்டில், ஜூன் மாதத்தில், நூல் கணக்குக்கு நடுவே ஒரு பக்கம் இருக்கிறது. "மூத்தவள், திருப்பதி, இன்டர்" என்று தலைப்பு. கீழே ஃபீஸ், ஹாஸ்டல், பஸ், புத்தகம், தலையணை, டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டு, கூட்டி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார். பிறகு பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்திருக்கிறார். காரணம் எதுவும் எழுதவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாள் கழித்துத்தான் திரும்பித் தந்தார். மலரில் தமக்கென்று ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார், என்ன எழுதப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒரு சிறு உதவி தேவைப்படுகிறது. தமிழும் தெலுங்கும் ஒரே புத்தகத்தில் பிழையில்லாமல் அச்சிடும் அச்சகம் திருத்தணியிலோ புத்தூரிலோ இருந்தால் சொல்லுங்கள். என் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராது. தாத்தாவின் கடிதத்தையாவது அவர்கள் தெலுங்கில் படிக்க வேண்டும்.

படம் எடுக்க வேண்டியவற்றில் 17ஆம் நோட்டு மட்டும் பாக்கி. தறியை நிறுத்திய பிறகு எழுதியது அது. அதில் தொழில் கணக்கு எதுவும் இல்லை. 0700, 1300, 2100 என்று நாளுக்கு மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். ஆயாவின் சர்க்கரை மாத்திரைக் கணக்கு அது. கடைசி டிக் தை மாதம் 4ஆம் தேதி 1300. ஆயாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். படம் எடுக்கக் கேட்டதற்கு, எடுத்துக்கொள், ஆனால் இரவு ஒன்பது மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார்.